நானூற்று எழுபதில் கத்தெலும் நானும்

செப்டம்பர் 12, 2021 – கிபெரோன்

காலையிலிருந்து படகைக் கழுவினோம். நேற்றுதான் எங்கள் கடைசிப் பந்தயம். நான்காவது இடம். இனி இரண்டு பெண்கள் ஒரே 470 பாய்மரப் படகில் ஒலிம்பிக் போக முடியாது. ஓர் ஆண், ஒரு பெண் என்று மாற்றிவிட்டார்கள். நாட்டுக்கு ஒரே படகு.

படகுச் சங்கத்துச் சுவரில் இந்தப் படகின் சரித்திரமே தொங்குகிறது. அறுபதுகளில் மீசைக்காரர்கள் இரண்டு இரண்டு பேராக நிற்கிறார்கள். எண்பத்தெட்டுக்குப் பிறகு பெண்கள் ஜோடி ஜோடியாக. கடைசிப் படத்தில் நாங்கள், வாயெல்லாம் பல்.

"இனி ஆளுக்கொரு மாப்பிள்ளை பாக்கணும்டி ரோசென்," என்றாள் கத்தெல். சிரித்து வைத்தேன்.

ஒன்பது வருடம். நாலு மீட்டர் எழுபது நீளத்துக்குள். அவள் சுக்கானில், நான் பாய்மரத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலே. அவள் பாயை மட்டும் பார்ப்பாள், கடலைப் பார்ப்பது என் வேலை. காற்று வருவது தெரிந்தால் எண்ணுவேன்: மூணு, ரெண்டு, ஒண்ணு. "ஒண்ணு" என்றதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், படகு கவிழாதபடி பாயின் கயிற்றைத் தளர்த்துவாள். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.

செப்டம்பர் 30

ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போது எங்கள் சங்கத்து மாலோ சொல்லித் தெரிந்துகொள்கிறேன். கத்தெல் ஜூனிலிருந்தே தித்துவான் என்ற பையனோடு பயிற்சி எடுக்கிறாளாம். ஜூன்! அப்போது என்னோடு பந்தயத்தில் இருந்தாள்!

நேரே போய்க் கேட்டேன். "உனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல," என்றாள்.

"எனக்குக் கஷ்டமா இல்லையான்னு நீ எப்படிடி முடிவு பண்ணுவே?"

தட்டில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், மகராசி.

அக்டோபர் 3

சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 18

மாலோவின் படகில் சேர்ந்துவிட்டேன்; சுக்கானில் அவன், கம்பியில் நான். நல்லவன், அறுபத்தாறு கிலோ, ஓயாமல் பேசுவான். நான் இரண்டு கிலோ இறக்க வேண்டுமாம். இவன் காலையில் மூன்று ரொட்டி தின்பான், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் எண்ணிக்கை அவனுக்குப் பிடிக்கவில்லை. "பள்ளிக்கூடமா இது? காத்து வந்தா 'இப்போ'ன்னு சொல்லு, போதும்."

சரி என்றேன். இப்போ, இப்போ, இப்போ. நாக்கு பழகிவிடும்.

பிப்ரவரி 5, 2023

ஒன்றரை வருடம் முகம் கொடுத்துப் பேசாத கத்தெல் வெண்ணெய்க் கேக்கோடு வாசலில் வந்து நின்றாள். எனக்குத்தான் கேக் கூடாதே! இருந்தும் பாதியைத் தின்றேன்.

"தண்ணியில மட்டும்தான் எதிரி. கரையில இல்ல. சரியா?"

"சரிடி."

தித்துவான் கம்பியில் கல் மாதிரி வாயே திறப்பதில்லையாம். "காத்து வந்து அறைஞ்சாதான் எனக்கே தெரியுது," என்றாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவளுக்கு அழுகையும் வந்தது.

ஏப்ரல் 22

நாளை ஒலிம்பிக் தேர்வின் கடைசிப் பந்தயம். நாங்களும் அவர்களும் புள்ளியில் சமம். யார் முன்னால் வருகிறார்களோ அவர்கள் ஒலிம்பிக் போவார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு.

ஏப்ரல் 23

ஜெயித்துவிட்டோம்.

எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 24

நேற்றுப் பந்தயத்தின் கடைசிப் பகுதி. காற்றை எதிர்த்து இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில். காற்று வரும் பக்கம் நாங்கள், எங்களுக்கு அந்தப் பக்கம் அவர்கள், அரைப் படகு முன்னால். அப்போது கடல் கறுத்துக்கொண்டு வந்தது. பெரிய காற்று. நான் எண்ணினேன். மூணு, ரெண்டு, ஒண்ணு. உரக்க.

கத்தெல் கயிற்றைத் தளர்த்திவிட்டாள். அவர்களுக்குக் காற்று இன்னும் வரவே இல்லை. பாயில் பலம் போனதும் படகு அப்படியே வெளியே தொங்கிய தித்துவான் பக்கம் சாய்ந்து அவன் மேலேயே கவிழ்ந்தது. நாங்கள் தாண்டிப் போனோம்.

கரையில் ஈர உடையோடு வந்தாள். "ஒன்றரை வருஷமா 'இப்போ'ன்னுதானே கத்துறே. இன்னிக்கு மட்டும் ஏன் எண்ணினே? வேணும்னே பண்ணினியா?"

"இல்லடி!"

"அப்போ ஏன்?"

குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் மாலோ நின்றிருந்தான்.

மே 2

கத்தெல் போன் எடுக்கவில்லை.

மே 9

எடுக்கவில்லை.

மே 20

இங்கேயாவது உண்மையை எழுது, ரோசென்.

தித்துவான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அது தெரிந்தது. இந்தக் காற்று அவர்களைக் கவிழ்த்துவிடும் என்று தோன்றியது. அவளுக்காகத்தான் எண்ணினேன். மாலோவின் படகில் தொங்கிக்கொண்டு, அவனுக்குத் துரோகம் பண்ணிக்கொண்டு, அவளுக்காக. ஆனால் காற்று *என்னை* எப்போது தொடும் என்றுதான் எனக்கு எண்ணத் தெரியும். ஒன்பது வருடமும் அவளைத் தொடும் நேரம் அதுவாகத்தானே இருந்தது. இப்போது அவள் பத்து மீட்டர் தள்ளி இருந்தாள். இரண்டு நொடி முந்திவிட்டேன். பாவி, இது கூடவா மறந்துபோகும்?

ஜூன் 1

மாலோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தின்றுகொண்டிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டான். இவன் ரொட்டியை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை. பிறகு, "அவகிட்ட போய் சொல்லு. சொல்லாம என்னோட படகுல ஏறாதே," என்றான்.

ஜூன் 4

போனேன். கதவைத் திறந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பள்ளியில் வேலைக்குச் சேரப்போகிறாளாம், படகை விற்றுவிட்டாளாம்.

"நம்புறேன் ரோசென். நீ பொய் சொல்றவ இல்ல."

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அவள் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டாள்.

"ஆனா உன் குரல் கேட்டா இந்தக் கை தன்னால அசையுது, கயித்தைத் தளர்த்துற மாதிரி. இப்பக்கூட, வாசல்ல நீ கூப்பிட்டப்போ. என்னால முடியலடி. இனிமே வராதே. போன்லயும் பேசாதே."

சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.