நூற்றுப் பதினேழாம் எண் ரத்தம்

தொப்பூர்
3.6.2024

அன்புத் தங்கை கனிமொழிக்கு,

அண்ணன் வெங்கடாசலம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போன் எப்போதும் நம் பரோட்டாக் கடையிலேயே கிடக்கிறது, உன் அண்ணி அமுதவல்லி எடுத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

உங்கள் ஆய்வுக்கூடம் இங்கே போட்ட சர்க்கரை நோய் முகாமில் நானும் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு என்று நீயே சொன்னாய். பிறகு எதற்குப் போனில் “மாத்திர போடறீங்களா” என்று மூன்று தடவை கேட்டாய்? அண்ணி என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறாள்.

அண்ணன்
வெங்கடாசலம்

பெங்களூரு
9.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரத்தம் கொடுத்தவர்களுக்கு எங்கள் ஆய்வில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எலும்பிலிருந்து ஆஸ்டியோகால்சின் என்று ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது குறைகிறதா என்று பார்க்கிறோம். இன்னும் ஆராய்ச்சிதான், அதை வைத்து யாருக்கும் வைத்தியம் செய்வதில்லை.

நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு அது எல்லோரையும்விடக் குறைவு. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் சோதனையில் பதினொன்றரை; ஆறரை வந்தாலே சர்க்கரை நோய்தான். அன்று காலை மட்டும் நூற்றுப் பதினெட்டு. முகாமில் உங்களுக்கு அந்த நூற்றுப் பதினெட்டை எழுதித் தந்தது நான்தான். முடிவுகளைத் தபாலில் அனுப்ப இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதனால் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். உங்கள் பெயர்தான் இருந்தது. எனக்கு அனுமதியில்லை, தப்புதான்.

முகாமுக்கு முன்னால் நான்கு நாள் மட்டும் மாத்திரை போட்டுப் பட்டினி கிடந்தீர்களா? சர்க்கரையால் அப்பாவின் காலை வெட்டி எடுத்தபோது எனக்குப் பதினோரு வயது. பயமாக இருக்கிறது அண்ணா. மறைக்காமல் எழுதுங்கள்.

கனிமொழி

தொப்பூர்
14.6.2024

கண்ணு கனி,

ஆமாம். ஒரு வருடமாக மாத்திரை போடவில்லை. டாக்டரிடம் போனால் இன்சுலின் ஊசி என்பார். ஊசி ஆரம்பித்து ஆறே மாதத்தில்தானே அப்பா போனார்.

போன செவ்வாய்க்கிழமை பரோட்டாக் கல்லிலிருந்து எண்ணெய் என் வலது காலில் கொட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர்தான் “அண்ணே, காலு வெந்து தோலு உரியுதுங்க!” என்று கத்தினார். குனிந்து பார்த்தேன். வலிக்கவே இல்லை கண்ணு. வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

துணி சுற்றி மறைத்திருக்கிறேன். இரண்டு நாளாக வாடை வருகிறது. அண்ணிக்குச் சொல்லாதே.

வெங்கடாசலம்

தர்மபுரி
11.7.2024

கனிமொழிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே அண்ணிக்குப் போன் செய்துவிட்டாய் என்ற கோபத்தில், ஆஸ்பத்திரிக்கு வந்த உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ அழுதுகொண்டே போனதாக அண்ணி சொன்னாள்.

இரண்டு கால்விரல் போயிற்று. பாதம் இருக்கிறது. இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்றார் டாக்டர். ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் அண்ணி பக்கத்தில் நின்று, “கண்ண மூடிக்காதீங்க, பாத்துப் போடுங்க” என்றாள்.

பட்டியலைத் திறந்ததை நீயே மேலதிகாரியிடம் சொன்னாயாம், அந்த ஆய்விலிருந்து உன்னை எடுத்துவிட்டார்களாம். எல்லாம் என்னால்தான், மன்னித்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு வந்தது, எனக்கும் வந்தது. உனக்கு முப்பத்தாறு வயது. ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிறாயே, உன்னுடையதைப் பார்த்தாயா?

அண்ணன்

பெங்களூரு
18.7.2024

அண்ணா,

பார்த்ததில்லை. எட்டு வருடமாக எல்லோர் கையிலும் ஊசி குத்தினேன். என் முறை வரும்போது நாளைக்கு, நாளைக்கு என்றே ஓட்டினேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை வெறும் வயிற்றில் போய்க் கொடுத்தேன். நூற்று எழுபத்திரண்டு. நம்பாமல் அடுத்த நாளும் கொடுத்தேன். நூற்று அறுபத்தொன்பது. இங்கே யாரிடமும் சொல்லவில்லை. ராத்தூக்கம் இல்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தர்மபுரி வருகிறேன். உங்கள் டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போங்கள். தனியாகப் போக என்னால் முடியாது. நான் வந்து சேர்வதற்குள் அண்ணியிடம் சொல்லிவிடுங்கள்.

கனி