கதவோரத்து டிராயர்

நார்த் பெல்டன், மெய்ன்
செப்டம்பர், ஞாயிறு மதியம்

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கிழட்டுப் பூனையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் கிரெய்க்கும் என் செல்லப் பேரன் டோபியும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று படுக்கப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். பூமிக்கு அந்தப் பக்கம் டுனெடினில் இப்போதுதான் குளிர் விலகியிருக்கும், இங்கே மேப்பிள் இலை நுனி சிவக்க ஆரம்பித்துவிட்டது. புளூபெர்ரி இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, ஜாம் போட்டு வைத்திருக்கிறேன், அனுப்பலாம் என்றால் உங்கள் ஊர் விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்களாம், அதனால் வந்துதான் சாப்பிட வேண்டும். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஏணியில் ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், அதற்கு மறுநாளே கூரையில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், நான் எதிரில் நின்று விழுங்கச் சொல்வதால்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், போன் கட்டாகிவிடுகிறது. போன குளிர்காலத்தில் நீ சொன்னாயே, "அந்தக் கைத்துப்பாக்கி அந்த வீட்ல இருக்கிற வரைக்கும் டோபிய கூட்டிட்டு வர மாட்டேம்மா" என்று, அதை நான் உன் அப்பாவிடம் பதமாகத்தான் சொன்னேன். அவர், "என் வீட்ல என்ன இருக்கணும்னு நான் தூக்கி வளர்த்த பொண்ணு எனக்குச் சொல்றாளா" என்று எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான். பேரனைப் படத்தில் மட்டும் பார்த்துக்கொண்டு இன்னொரு கிறிஸ்துமஸை ஓட்ட எனக்குத் தெம்பில்லை மார்னி. அதனால் இங்கே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ துப்பாக்கி இருந்த வீட்டில் வளர்ந்தவள்தான். ஆனால் மான் துப்பாக்கி வேறு. அது நவம்பரில் கீழே இறங்கும், குளிர்பெட்டி நிறைந்ததும் மாடிக்குப் போகும், நடுவில் அதை யாரும் நினைப்பதுகூட இல்லை. இந்தச் சின்னது அப்படியில்லை. ஏரிக்கரையில் கோடைக்கு மட்டும் வருகிறவர்களின் வீட்டை உடைத்து எவனோ படகு மோட்டாரையும் மரம் அறுக்கிற மிஷினையும் தூக்கிக்கொண்டு போனான் இல்லையா, அதற்குப் பிறகு அப்பா வாங்கி வந்து சமையலறைக் கதவோரத்து டிராயரில், ரொட்டி டப்பாவுக்குக் கீழே, வைத்தார். போலீஸ் வந்து சேர்வதற்குள் நாம் செத்துப் புல் முளைத்துவிடும் என்றார். அதுவும் பொய்யில்லை. ஒரு காலத்தில் மரக்கட்டையைத் தோளில் தூக்கிப் போட்ட மனிதர், இப்போது தபால் பெட்டி வரை நடந்தால் மூச்சு வாங்குகிறது. அவர் வாயால் அதைச் சொல்ல மாட்டார். அதனால் நானும் டிராயரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஜூன் மாதம் விவசாயிகள் சங்கக் கூடத்தில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்து நடந்தது. ஆற்றுப் பாதைக் கடைசி வீட்டு டெல்மர் இருக்கிறாரே, அவர் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் மாட்டுக்கொட்டிலுக்குக்கூடப் போக மாட்டார். அவர் பீன்ஸ் பானையைத் தூக்கக் குனிந்தார், இடுப்பிலிருந்தது நழுவி விழுந்து, தரையில் சறுக்கிக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த மேசைக்குக் கீழே போய் நின்றது. வெடிக்கவில்லை, கடவுள் புண்ணியம். வெர்னா டீச்சர், உனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர், அங்கேயே எழுந்து நின்று இனிமேல் கூடத்துக்குள் யாரும் துப்பாக்கி கொண்டுவரக் கூடாதென்று தீர்மானம் போட வேண்டும் என்றார். அவ்வளவுதான், ஊர் இரண்டு பட்டது. ஆளாளுக்குச் சட்டம் பேசினார்கள், உரிமை பேசினார்கள், கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. உன் அப்பா டெல்மர் பக்கம். நான் பானை கழுவுகிற பக்கம்.

ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்டில் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று உனக்கா தெரியாது. எல்லார் தோட்டத்திலும் வெள்ளரி மாதிரி நீளநீளமாகச் சுக்கினி காய்த்துத் தள்ளும், தின்று மாளாது, யாரிடமாவது தள்ளிவிட வேண்டும், கொடுத்தால் யாரும் வாங்கவும் மாட்டார்கள். பூட்டாத காரில் போட்டுவிட்டு ஓடுவதும், வாசலில் வைத்துவிட்டுப் பதுங்கிப் போவதும், யார் வைத்தது என்று மாட்டிக்கொண்டால் அந்த வருஷம் முழுக்கக் கேலிக்கு ஆளாவதும். பக்கத்து வீட்டு எல்டன் இதில் மன்னன். ஒரு நாள் விடிகாலை, நல்ல மூடுபனி, அப்பா சமையலறையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார், நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். வாசல் பலகை முனகியது. கதவுக் கைப்பிடி மெல்ல ஆடியது. நான் யாரது என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் டிராயர் திறந்த சத்தம் கேட்டது, அப்பா கதவை ஒரே இழுப்பாக இழுத்துத் துப்பாக்கியை நீட்டிவிட்டார். வெளியே எல்டன். ஒரு கையில் கைப்பிடியில் மாட்டிவிட்டு ஓட வந்த பை, இன்னொரு கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு சுக்கினி. அந்தப் பனியில் அது காய் என்று யாருக்குத் தெரியும்? அப்பாவின் விரல் விசையில் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன் மார்னி. எல்டன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "லின், டேய் லின், நான்தான்டா, இது சுக்கினிடா" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். காப்பி கொடுத்தேன், பாதி சட்டையில் கொட்டியது. கொஞ்சம் உயிர் வந்ததும் அந்த மனுஷன், "வேண்டாம்னா வேண்டாம்னு வாயால சொல்லக் கூடாதா, இதுக்குப் போய் துப்பாக்கியா?" என்றார். நான் சிரித்துவிட்டேன், சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது. உன் அப்பா சிரிக்கவில்லை. பேயறைந்த மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் சொன்னதும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

எல்டனுக்கு வாய் சும்மா இருக்குமா. கடையில், தபால் ஆபீசில், சர்ச் வாசலில் எல்லாம் இதே கதை, ஒவ்வொரு தடவையும் அந்தக் காய் ஒரு சாண் வளர்ந்தது. அடுத்த வாரம் கூடத்தில் ஓட்டெடுப்பு. வெர்னா டீச்சர் எல்டனைக் காட்டி, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். டெல்மர், "கதவத் தட்டிட்டு வந்திருந்தா இந்த வம்பே இல்லையே, திருட்டுத்தனமா வந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான்" என்றார். எல்டன், "தட்டிட்டு வந்தா எவன்யா சுக்கினி வாங்குவான்" என்று கத்தினார். கூடமே சிரித்தது. அப்போது உன் அப்பா எழுந்தார். கல்யாணத்தில்கூட நாலு வார்த்தை பேசாத மனுஷன், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்: "பாதுகாப்புக்குன்னு வாங்கினேன். எனக்குப் பயம், அதான் வாங்கினேன். ஒருத்தன் உள்ள வந்தா என் பெண்டாட்டி ஏவிஸ காப்பாத்த எனக்கு இப்ப உடம்புல வலு இல்ல. ஆனா அது வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பலகை முனகினா திருடன், பூனை குதிச்சா திருடன். பயம் போகும்னு பார்த்தேன், அது ரொட்டி டப்பாவுக்குக் கீழயே குடியிருந்துச்சு. என் சிநேகிதன் மூஞ்சி எனக்குத் தெரியாமப் போச்சு." அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு யாரும் சட்டம் பேசவில்லை. வெர்னா டீச்சர் மெதுவாக, பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்று பழக்குவதற்காக ஏழு வயதுப் பிள்ளைகளை இருட்டு அலமாரிக்குள் அடைத்து, மூச்சு விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு நின்றதைச் சொன்னார். டெல்மர் இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அலமாரி வாடைதான் வருகிறதாம். டெல்மர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பெண்டாட்டி போனப்புறம் அந்த வீட்ல ராத்திரி எப்படியிருக்கும்னு உங்களுக்கு யாருக்கும் தெரியாது" என்றார். இத்தனை மாதம் தொண்டை கிழியப் பேசினார்களே, பயமாக இருக்கிறது என்ற ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. தீர்மானம் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. எல்லாம் சுபம் என்று நினைக்காதே, டெல்மர் அன்றிலிருந்து விருந்துக்கு வருவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாதான் அவருக்குப் பீன்ஸும் பிரௌன் பிரட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

இப்போது நம் வாசல் படியருகே பழைய மாட்டு மணி ஒன்று தொங்குகிறது. அப்பாதான் மாட்டினார். வருகிறவர்கள் அடித்துவிட்டு வர வேண்டும். எல்டன், விளையாட்டையே கெடுத்துவிட்டான் என்று புலம்பிக்கொண்டு, காயை வைத்துவிட்டுப் போகும்போது மணியை அடித்துவிட்டு அந்த இடுப்பு வலியோடு ஓடுகிறார். அப்பா ஜன்னலில் நின்று பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

துப்பாக்கியே இல்லாத வீடு என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மான் துப்பாக்கி இரண்டும் மாடி இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கின்றன, குண்டுகள் வேறு பெட்டியில், இரண்டு சாவியும் என் கழுத்தில். கதவோரத்தில் இருந்தது மட்டும் போய்விட்டது. எப்படிப் போனது தெரியுமா? கூட்டம் முடிந்த மறுநாள் அப்பா என்னிடம், "டோபி இப்ப எவ்வளவு உசரம் இருப்பான்?" என்றார். எனக்கென்ன தெரியும், உங்கள் மகளைக் கேளுங்கள் என்றேன். மடங்காத முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, கதவு நிலையில் உனக்கு வருஷா வருஷம் பென்சிலால் போட்ட கோடுகளைத் தடவிப் பார்த்தார். டோபிக்கும் நாலு வயதுதானே, உன் நாலு வயதுக் கோட்டில் விரலை வைத்து, அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினார். விரல் நேராக டிராயர் கைப்பிடியில் போய் முட்டியது. பிறகு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரைக் கேலி செய்யாதே கண்ணு. கடல் தாண்டி இருந்துகொண்டு எங்கள் டிராயரை நினைத்து நீ தூக்கம் கெட்டதும் பயம்தானே. உன் பயமும் நியாயம், அவர் பயமும் நியாயம். அவர் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல மாட்டார், அதற்காகக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்பாய். நீயே ஒரு போன் போடு, டோபியைப் பேச விடு, மற்றது தானாக நடக்கும்.

டோபியை வெறுங்காலில் ஓட விடாதே, கிரெய்க்கை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், மனசில் கிலேசமில்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் விலை ஏறுவதற்குள் முடிவு சொல். வரும்போது கனத்த காலுறை கொண்டு வர மறக்காதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஏவிஸ்

கடைசியில் உன் அப்பாவும் ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். அவர் கையெழுத்து உனக்குத் தெரியும்:

மார்னி, டிராயர் காலியாத்தான் இருக்கு. டோபிக்குப் பிடிச்சத அதுல வைக்கலாம். பென்சில் சீவி வெச்சிருக்கேன். அப்பா.