ஹேவர்டு வீட்டில் ஒப்பாரி

மார்ச் 2, ஞாயிறு. ஃப்ரீமான்ட்.

அப்பா பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பொய்யில் என் பெயர் இருக்கிறது.

ஹேவர்டில் எங்களுக்கு இன்னொரு வீடு. அதில் பதினாலு வருஷமாகக் குடியிருக்கும் கர்ட்டிஸ் ஓடம் என்பவருக்கு நேற்று நோட்டீஸ் போயிருக்கிறது. அறுபது நாளில் காலி செய்ய வேண்டும். காரணம்: உரிமையாளரின் மகள் ஓவியா திருமூர்த்தி அங்கே குடிவரப் போகிறாள். கலிஃபோர்னியாவில் ஒழுங்காக வாடகை கொடுக்கிறவரைச் சும்மா வெளியே அனுப்ப முடியாது. சொந்தப் பிள்ளை குடிவருகிறது என்றால் முடியும். வக்கீல் சொல்லிக்கொடுத்த வழி.

நான் எங்கேயும் குடிபோகவில்லை. என் கட்டில் இங்கே இருக்கிறது. என் வேலை மில்பிடாஸில், இங்கிருந்து இருபது நிமிஷம்.

அம்மாவிடம் கத்தினேன். "பேர்தானே கண்ணு? போட்டாத் தேஞ்சா போயிரும்?" என்றாள்.

மார்ச் 3

தேய்ந்துதான் போகிறது.

மார்ச் 8, சனி

எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆரம்பித்து வைத்தது நான்தான்.

போன மாதம் அந்த வீட்டு வாட்டர் ஹீட்டர் ரிப்பேருக்கு அப்பா என்னை அனுப்பினார். பிளம்பர் வேலை செய்த நேரம் முழுக்க ஓடம் கிச்சனில் உட்கார்ந்து கிடார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். எனக்காக இல்லை. நான் இருப்பதையே அவர் கண்டுகொள்ளவில்லை. அவரே கட்டிய ப்ளூஸ் பாட்டு, இங்கத்துக் கறுப்பர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லிப் பாடுகிற வகை. ஒரு வரி. அதே வரி இன்னொரு தடவை. மூன்றாவதில் ஒரு குத்து. வேலைக்குப் போனேன், ஃபேக்டரி கேட்டில் பூட்டு. வேலைக்குப் போனேன், ஃபேக்டரி கேட்டில் பூட்டு. கையில் இருந்த சாப்பாடு இன்னும் ஆறவில்லை.

"ரொம்பச் சோகமா இருக்கே," என்றேன்.

"சோகமா? இது கம்ப்ளெயின்ட், பொண்ணே. வாங்கிக்க எந்த ஆபீசிலும் ஆள் இல்லை. அதனால பாடறது."

ஃபோனில் பதிவு செய்து வந்து, சாப்பிடும்போது அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "கேளுங்கப்பா. நம்ம ஊர் ஒப்பாரி மாதிரியே இல்லீங்களா?"

பெருமையாகச் சொன்னேன். இரண்டு தேசத்துக் கஷ்டத்தையும் ஒரே வார்த்தையில் முடிச்சுப் போட்டுவிட்ட மாதிரி. முட்டாள்.

அப்பா தட்டிலிருந்து கையை எடுத்தார். "என்ற வீட்டுக்குள்ள ஒப்பாரியா?"

ஜனவரியில்தான் அப்பாவுக்கு வேலை போனது. பத்தொன்பது வருஷம் ஒரே கம்பெனி. பதினைந்து நிமிஷ வீடியோ காலில் முடித்துவிட்டார்கள். ஏன், ஏன் என்று வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு நான் பதில் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். உள்ளே ஆள் குடியிருக்கும்போதே வீட்டை வாங்கி, அந்த ஆளின் அடுப்பிலேயே பால் காய்ச்சியவர்கள் நாங்கள். ஓடம் அன்று ஓரமாக நின்று பார்த்தார். அம்மா கொடுத்த பாலைக் குடித்துவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்றார். அப்படி மங்களமாக ஆரம்பித்த வீட்டில் ஒப்பாரி. "அதான் ஒண்ணும் வெளங்கல."

நான் வேறு ஏதாவது வார்த்தை சொல்லியிருந்தால்? நாட்டுப்புறப் பாட்டு என்று சொல்லித் தொலைத்திருந்தால்?

மார்ச் 14, வெள்ளி

அப்பாவிடம் மறுபடியும் பேசிப் பார்த்தேன்.

"அவர் எழவுப் பாட்டுப் பாடலீங்கப்பா. நான் சொன்ன வார்த்தை தப்பு."

"நீ சொன்னது கரெக்ட்டு அம்மிணி. நானும் காதுல கேட்டனல்ல? ஒப்பாரிக்குன்னு ஊர்ல ஆளுங்க இருக்கறாங்க. வருவாங்க, பாடுவாங்க, வாசல்லயே வாங்கிட்டுப் போயிருவாங்க. உள்ள வர மாட்டாங்க."

"இவர் உள்ளேதான் இருக்கார்."

"அதைத்தான் நானுஞ் சொல்றேன்."

இருபத்திரண்டு வருஷ அமெரிக்கா. திருமூர்த்தி என்ற தன் பெயரை மேனேஜர் 'தீரு' என்று வெட்டியதற்கு ஒரு வாரம் பொருமிய மனிதர். உடுமலையிலிருந்து வரும்போது அந்த வாசலையும் சூட்கேஸில் மடித்து எடுத்து வந்திருக்கிறார். இங்கே அதை யாருக்கு முன்னால் போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கறுப்பு மனிதரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

அவருக்கும் வலிக்கிறது. தெரியும். தினமும் காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையுடன் லேப்டாப் முன்னால் உட்காருகிறார். ஒரு ஃபோன் கால்கூட வருவதில்லை. அவர் பாட மாட்டார். பாடுகிறவரைக் கிளப்புவார்.

மார்ச் 18

டீம் லஞ்ச். ரெஸ்டாரன்ட்டில் ப்ளூஸ் ஓடிக்கொண்டிருந்தது. "நைஸ் வைப், சாப்பிட இதமா இருக்கு" என்றான் டீம் லீட், உருளைக்கிழங்கை சாஸில் தொட்டுக்கொண்டே. பட்டினி கிடந்தவன் பாட்டு, பசியில்லாதவனுக்குத் தொட்டுக்க. நானும் சாப்பிட்டேன்.

மார்ச் 22, சனி

ஹேவர்டு போய்ச் சொல்லிவிட்டேன். நோட்டீஸில் இருப்பது பொய், நான் குடிவரப் போவதில்லை என்று. ஒப்பாரி விஷயத்தையும் சொன்னேன். செத்தவர்களுக்காகப் பாடுவது என்று விளக்கினேன்.

ஓடம் ரொம்ப நேரம் சிரித்தார். "உங்க அப்பாவுக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

பிறகு சொன்னார். இந்த ஹேவர்டை ஒட்டி ரஸ்ஸல் சிட்டி என்று ஓர் ஊர் இருந்ததாம். கறுப்பர்களும் மெக்சிகர்களும் வாழ்ந்த ஊர். ப்ளூஸ் கிளப்புகள் இருந்தன. அறுபதுகளில் மொத்தமாக இடித்துத் தொழிற்பேட்டை ஆக்கிவிட்டார்கள். ஓடம் பிறந்தது அங்கே. வீட்டைக் காலி செய்யும்போது ஆறு வயது. "அப்ப ஊர் முன்னேறணும்னு சொன்னாங்க. இப்ப நீ குடிவர்றேன்னு சொல்றாங்க. காரணம் எப்பவும் அழகா இருக்கும்."

ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிட்டி ஆபீசுல புகார் கொடுக்கப் போறேன். விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. இப்ப என்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்வியா?"

யோசிச்சுச் சொல்றேன் என்றேன்.

யோசிச்சுச் சொல்றேனாம்! என்ன யோசிக்க இருக்கு? வாசல் வரைக்கும் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கார் எடுக்கும் வரை உள்ளே போகவில்லை.

ஏப்ரல் 3

இன்னும் ஃபோன் பண்ணவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஓடம் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. வாய்ஸ்மெயிலில் ஒரே வரி: "விசாரணை 17ஆம் தேதி, காலை பத்து மணி."

அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ. கார் கராஜில் என்னை மறித்துக்கொண்டு அழுதாள். "வேலையில்லாத மனுசனை ஆபீசர் முன்னாடி பொய்யன்னு நிக்க வெப்பியா? பெத்த அப்பனை? அந்த ஆளு யாரு உனக்கு?"

யாருமில்லை. அதுதான் பதில். யாருமில்லாதவருக்காகப் போய் நிற்பதற்குத்தான் சாட்சி என்று பேர்— இதை அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எழுதுவது சுலபம்.

ஏப்ரல் 17

ஆபீசுக்குப் போனேன். என் ஆபீசுக்கு. பத்து மணிக்கு நானூறு சர்க்யூட் போர்டுகள் செக் பண்ண வேண்டியிருந்தது. பண்ணினேன். ஒரு போர்டிலும் பிழை இல்லை.

ஏப்ரல் 30, புதன்

புகார் நிற்கவில்லை. ஓடம் சொன்னதற்கு ஆதாரம் இல்லையாம். எழுத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்து, என் பெயர்.

ஹேவர்டு வீட்டுத் தெரு முனையில் காரை நிறுத்திப் பார்த்தேன். சாமான் ஏற்ற வாடகைக்கு எடுத்த ஒரு யூ-ஹால் வண்டி. ஸ்டாக்டனிலிருந்து அவர் மகள் வந்திருந்தார். சோபா வண்டிக்குள் போகவில்லை, நடைபாதையிலேயே விட்டுவிட்டார்கள். கிடாரை ஓடம் யாரிடமும் கொடுக்கவில்லை. பாடவும் இல்லை. பாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்காகத்தான் போனேனா? சே.

மே 18

அப்பாவின் திட்டம் வேறு. பெயின்ட் அடித்து, இரண்டு மடங்கு வாடகைக்கு விடுவது. இப்போது வக்கீல் சொல்கிறார், பெயர் கொடுத்த ஆள் தொண்ணூறு நாளுக்குள் குடிபோக வேண்டும், ஒரு வருஷம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடம் கேஸ் போடலாம். இதை முதலிலேயே கேட்டிருக்க மாட்டாரா அப்பா?

"ஒரு வருசந்தானுங்க அம்மிணி," என்கிறார். எனக்கு 'ங்க' போடுகிறார். பயந்திருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு. ஹேவர்டு.

புது பெயின்ட் வாசனையில் தலை வலிக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். தபால்பெட்டியில் இன்னும் அவர் பெயருக்குத்தான் கடிதங்கள் வருகின்றன. நேற்று மூன்று. எனக்கு ஒன்று, கரண்ட் பில்.

அப்பா இனிமேல் பொய்யர் இல்லை. நான் அதை உண்மையாக்கிக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை ஓடத்துக்கு மெசேஜ் அனுப்பினேன். இது ஐந்தாவது. நான் வந்து சொல்கிறேன், எல்லாவற்றையும், என் வாயால், அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தாலும். மறுபடி புகார் கொடுங்கள். எந்த ஆபீஸ், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள். பதில் போடுங்கள்.