டெல்பர்ட் ஹோக் நினைவுச் சந்திப்பு

பாம்டேல்
ஞாயிறு காலை

அன்பு மகள் இமெல்டாவுக்கு,

அம்மா எழுதுவது. அந்தக் குளிர்த் தீவில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். சாப்பிடுகிறோம், படுக்கிறோம். சுகம் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

நீ அனுப்பிய சால்மன் மீன் டின்கள் வந்தன. அப்பா ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. பாலைக்காற்று இந்த வருஷம் சீக்கிரமே தொடங்கிவிட்டது, பின்பக்க வேலி சாய்ந்து கிடக்கிறது, அப்பா தினமும் போய் அதைப் பார்க்கிறார், நிமிர்த்துவதில்லை. வேனை விற்றாயிற்றா என்று கேட்டிருந்தாய். இல்லை. வாசலில்தான் நிற்கிறது. அதில் அப்பாவோடு வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். கணவாயில் பெருஞ்சாலைகள் சேருகிற அந்தச் சந்திப்புப் பக்கமே போகாமல் பழைய மலைச்சாலையில் சுற்றிக்கொண்டு போனால் யார்தான் வருவார்கள். எஃப்ரேன் மட்டும் கடைசிவரை வந்தான். “லியாண்ட்ரோ அண்ணே, இப்படியே ஓட்டுனா நாம போய்ச் சேரறப்ப எனக்குப் பென்ஷன் வந்துடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மறுநாள் அவனும் வரவில்லை. பிறகு அப்பாவும் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார்.

இதில் பாதி உனக்குத் தெரியும். ஜனவரியில், விடியாத இருட்டில், வேன் நிறைய ஆட்கள். சந்திப்பு வரும்வரை யாரும் பேசக் கூடாது, எல்லோரும் தூங்க வேண்டும், அங்கே வந்ததும் அப்பா ரேடியோவைப் போடுவார், அப்போது விழிக்க வேண்டும். அந்த வேனின் சட்டம் அது. அன்று பூகம்பத்தில் வண்டி ஆடியதைக் காற்று என்று நினைத்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படித்தான் தோன்றும். கணவாயில் ஒரு விளக்கும் இல்லை. முன்னால் ஒரு லாரி, சாலைப் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஹோக்கின் லாரி. அதன் பின்விளக்குகள் திடீரென்று இல்லை. அப்பா நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் முன்னால் பாலம் இல்லை. எழுபத்தொன்றில் விழுந்து, திரும்பக் கட்டிய அதே பாலம்.

தெரியாத பாதியை எழுதுகிறேன்.

செப்டம்பரில் மூன்றாம் முறையாகக் கட்டிய பாலத்துக்கு அந்த மனிதரின் பெயரை வைத்தார்கள். சாலையோரத்தில் ஒரு பந்தல், மடக்கு நாற்காலிகள், பச்சைப் பலகை. அப்பா தானாகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். ஹோக்கின் மனைவி நடீனைப் பார்த்து, உங்கள் வீட்டுக்காரர் முன்னால் போனதால்தான் நாங்கள் பிழைத்தோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னார். அந்தம்மா அவர் கையை விடவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அவர் பிரேக் போட்டாராங்க? பின்னாடி இருந்த உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. போடலைன்னா அவருக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிருக்கும், இல்லீங்களா” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, “போடலைங்க. வண்டி அப்படியே போச்சு” என்றார். அந்தம்மா அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அப்பா என்னிடம் சொன்னார். “போட்டான், ஒஃபெலியா. பிரேக் லைட்டு செக்கச் செவேல்னு எரிஞ்சுது. கொஞ்ச நேரம் எரிஞ்சுது. அதைப் பார்த்துத்தான் நான் நிறுத்தினேன்.”

அன்றிலிருந்து அந்தப் பலகையைத் தாண்ட அவரால் முடியவில்லை. ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு நடீன் போன் செய்வார். ஊர்க்கதை, வானிலை, முட்டி வலி, கடைசியில் அந்தக் கேள்வி. அப்பா அந்தப் பதிலைச் சொல்வார். போன் வருவதற்கு முன்னாலேயே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், போனில் தலை தெரியவா போகிறது. வாரம் முழுக்க அவர் பேசுவதே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

போன மாதம் நடீன் கேட்டார், ஒரு தடவை அந்தப் பாலத்தில் கூட்டிப் போக முடியுமா, அதே நேரத்தில், அதே வேனில். அப்பாவால் மறுக்க முடியவில்லை. நானும் போனேன். நடீன் வீட்டு வாசலில் முன்கதவைத் திறந்துவிட்டேன், அவர் ஏறவில்லை. “கடைசியா ஏறுறவங்களுக்குக் கடைசி சீட்டுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரே. சட்டத்தை எனக்காக மாத்த வேண்டாம்” என்று பின்னால் போய் உட்கார்ந்தார். அப்பா ஒழுங்காகத்தான் ஓட்டினார். பலகையைத் தாண்டினோம். பாலத்தில் ஒரு இணைப்பு வருகிறது, பழைய கான்கிரீட்டும் புதியதும் சேருகிற இடம், மெல்லிய கோடு. முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. அப்பாவின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

திரும்பிப் பார்த்தேன். நடீன் பின்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பிரேக் விளக்கில் சாலை சிவப்பு. பக்கச்சுவர் சிவப்பு.

பாலத்தைத் தாண்டிய பிறகு, “இவ்வளவு வெளிச்சமா இருக்குமா” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அப்பா ரேடியோவைப் போடவில்லை. தன் வீட்டில் இறங்கும்போது நடீன் அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்து, “பத்திரமாப் போங்க” என்றார்.

அதன் பிறகு போன் வரவில்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. “ஒரு பொய்யைக்கூட அந்தம்மாவுக்கு என்னால முழுசாக் கொடுக்க முடியல” என்றார் அப்பா. இந்த வீட்டில் கடைசியாக அவர் பேசியது அது. டாக்டரிடம் போகலாம் என்றேன், தலையசைத்தார், எழுந்திருக்கவில்லை. எனக்கு வழி தெரியவில்லை, இமெல்டா. அந்தப் பாலத்தை மூன்று முறை கட்டிவிட்டார்கள்.

நீ கம்பளிச் சட்டைக்குள் பனியன் போட்டுக்கொள். ஈரக் காலுறையோடு படகில் நிற்காதே. கிறிஸ்துமஸுக்கு வந்தால் சோளமாவு பிசைந்து தமாலே செய்வேன், விமான நிலையத்திலிருந்து பழைய மலைச்சாலை வழியாக வா, தப்பி அந்தப் பக்கம் வந்துவிட்டால் பலகையைப் பார்த்தேன் என்று அப்பாவிடம் சொல்லாதே. நீ எங்கே நின்றாலும் கடவுள் உன் காலடியில் தரையை வைத்திருக்கட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிறு நாலு மணிக்குப் போன் பண்ணு. அப்பா இன்னமும் தலை வாரிக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருகிறார். அடித்தால் அந்தம்மா என்று நினைத்துத்தான் எடுப்பார், உன் குரலைக் கேட்டதும் முகம் விழும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எடுத்தால் போதும்.

உன் அம்மா,
ஒஃபெலியா