உப்பு ஒத்தடத்துக்குக் கேட்ட பல்லுக்கொதி

இஞ்சாருங்கோ,

முப்பத்தொரு வருசம் இப்பிடித்தான் உங்களைக் கூப்பிட்டனான். ஒருநாளாவது முதல் தரத்திலயே திரும்பிப் பாத்திருப்பியளோ? இப்ப திரும்ப ஏலாது எண்டு தெரியும். எண்டாலும் சொல்லத்தான் போறன். ஊர்ச்சனமும் கேக்கட்டும் எண்டுதான் எல்லாரும் வாசிக்கிற இடத்தில எழுதுறன்.

உங்கட நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தில "திடீர் சுகவீனம்" எண்டு அடிப்பிச்சனான். கேட்ட ஆக்களுக்கு நெஞ்சுக்குத்து எண்டு சொன்னனான். செத்தவீட்டில முதல் வந்த மனுசனுக்கு மட்டும் உண்மையைச் சொன்னன். "பல்லுக்கொதியில ஆரும் சாகிறதோ?" எண்டு கேட்டுப்போட்டு அந்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சது. அதுக்குப் பிறகு எல்லாருக்கும் நெஞ்சுக்குத்துத்தான்.

கோயிலில எங்கட திருவிழாவுக்கு நாலு நாள் கிடக்கேக்க உங்களுக்குக் கடைவாய்ப் பல்லு நொந்து கொதிக்கத் தொடங்கினது. தீவெண்டாலும், எங்கட இறுப்பிட்டியில பஸ் ஏறினால் யாழ்ப்பாணம். வள்ளத்துக்குக் காவல் நிக்கத் தேவையில்லை, கடல் கொந்தளிக்குது எண்டு சாட்டுச் சொல்லவும் ஏலாது. றோட்டு வாசலில கிடந்தது. நீங்கள்தான் போகேல்லை.

"பல்லுப் பிடுங்கினால் ரத்தம் நிக்காது. ரத்த வாயோட சாமிக்குப் பக்கத்தில நிக்கலாமே? எங்கட திருவிழா முடியட்டும்" எண்டியள். பரம்பரையாச் செய்யிற உபயம், உங்கட முறையில பிழைக்கக் கூடாது எண்டு உங்களுக்கு. நானும் ஓம் எண்டனான். இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் இல்லையே? இருந்தது. மற்ற எல்லாத்துக்கும் இருந்தது.

உப்புத்தண்ணியில கொப்பளிச்சியள். கராம்பை நசிச்சுப் பல்லுக்குள்ள அடக்கினியள். நேரத்துக்கு நேரம் நோவுக்குப் பனடோல். அதுகள் பிழையில்லை எண்டு பிறகு ஆசுப்பத்திரியில பல்லு டொக்டர் சொன்னவ. டொக்டரிட்ட போகுமட்டும் ஒரு நாள் நோவைத் தாக்காட்டிச் சமாளிக்கலாமாம். ஒரு நாள்! நாங்கள் நாலு நாள் தாக்காட்டினம்.

மூண்டாம் நாள் கன்னம் வீங்கிச்சுது. அதுக்குப் பிறகு நடந்தது என்ர கைவேலை. உங்கட முதுகில முந்தி ஒரு கட்டு வந்ததெல்லே, சூடு வைச்சுப் பழுக்கப் பண்ணி உடைச்சனான். இதுவும் அதுதான் எண்டு நினைச்சன். கல்லுப்பைச் சட்டியில வறுத்து, பழைய வேட்டித்துண்டில பொட்டளி கட்டி, பொறுக்கிற சூட்டில பின்னேரம் முழுக்க ஒத்தினனான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சுகமா இருந்தியள்.

அடுத்த நாள் விடிய நோ நிண்டிட்டுது. "கேட்டிட்டுதப்பா!" எண்டு அரைவாயால சிரிச்சியள். உடன கரம்பொனில இருக்கிற அக்காவுக்குப் போன் எடுத்து, "என்ர மனுசி வைச்ச ஒத்தடத்துக்குப் பல்லுக்கொதி கேட்டிட்டுது" எண்டு சொன்னியள். எனக்குச் சந்தோசம், பெரிய புளுகம்.

ஒத்தடத்துக்கு ஒண்டும் கேக்கேல்லை. பல்லுக்குள்ள நரம்பு செத்ததால நோ நிண்டதாம். சீழ் கீழ இறங்கிக்கொண்டு இருந்ததாம். வீங்கின இடத்துக்குச் சூடு வைக்கவே கூடாதாம், அது பரவப் பண்ணுமாம். என்ர ஒத்தடம்தான் உங்களைச் சாகப்பண்ணினதோ எண்டு நான் கேக்கேல்லை, ஆசுப்பத்திரிக்காரரும் சொல்லேல்லை.

வீங்கின கன்னத்தைச் சால்வையால மறைச்சுக்கொண்டு திருவிழாவில நிண்டியள். அடுத்த நாள் கழுத்துவரை வீக்கம். துப்பல் விழுங்க ஏலாமல் கோப்பையில துப்பினியள், கதைச்சது ஒண்டும் விளங்கேல்லை. வான் பிடிச்சு யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டோடினம். ரெண்டு நாள் குழாயோட கிடந்தியள். அவ்வளவுதான்.

இந்த வருசம் செத்தவீட்டுத் துடக்கெண்டு நாங்கள் கோயிலுக்குப் போகேல்லை. எங்கட திருவிழாவை வேற ஆக்கள் செய்தவை. சாமி வெளிவீதி சுத்தினது, சனம் மோதகம் சாப்பிட்டது, ஒரு குறையும் இல்லையாம். இதுக்கே நீங்கள் பல்லைப் பிடுங்காமல் நிண்டனியள்?

சரி, இனித்தான் விசயம். உங்கட ஒரு வருச ஆட்டைத்திவசம் முடிஞ்ச அடுத்த கிழமை உங்கட அக்கா ஓட்டோவில வந்து இறங்கினா. ஒரு பக்கக் கன்னம் தேசிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"மச்சாள், தம்பிக்கு வைச்ச ஒத்தடத்தை எனக்கும் ஒருக்கா வைச்சுவிடும். அவனுக்கு உடன கேட்டதெல்லே" எண்டா.

நான் சட்டியை எடுக்க எழும்பினனான். சத்தியமா எழும்பினனான். குசினிவாசலில கால் நிண்டிட்டுது. திரும்பி வந்து, "வாங்கோ, பல்லு டொக்டரிட்ட போவம்" எண்டன்.

"சும்மா விசர்க்கதை கதையாதையும். இதுக்குப்போய் யாழ்ப்பாணமே? முதல் ஒத்தடத்தை வையும், கேக்காட்டிப் பாப்பம்."

எத்தினை சாட்டுச் சொல்லியும் மனுசி அசையேல்லை. உங்கட உடன்பிறப்பெல்லே! உண்மையைச் சொன்னால்தான் எழும்புவா எண்டு விளங்கினது. சொன்னால் அவவை இழந்துபோடுவன் எண்டும் விளங்கினது. நீங்கள் போனபிறகு கிழமைக்கு ஒருக்கா வந்து எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டது அவ மட்டும்தான்.

சொல்லிப்போட்டன். பல்லு, உப்பு, சீழ், எல்லாம் சொன்னன்.

அவ என்ர கையைப் பாத்தா. பிறகு, "பெட்டியில கிடக்கேக்க அவன்ர முகம் ஏன் வீங்கியிருக்கு எண்டு கேட்டனான். மருந்து ஏத்தின வீக்கம் எண்டு சொன்னீர்" எண்டா.

"ஓம் மச்சாள்."

"நான் அந்தக் கன்னத்தைத் தடவித் தடவி அழுதனான்."

"ஓம்."

எழும்பி வாசல் படலையடிக்கு நடந்தா. பஸ் வந்தது. அவ முன்சீற்றில இருந்தா, நான் பின்னுக்கு. டொக்டர் சின்னப் பொம்பிளை. பாத்தவுடன, "நல்ல காலம் அம்மா, இண்டைக்கே வந்திட்டியள்" எண்டு சொல்லிச் சீழை எடுத்துப் பல்லையும் பிடுங்கினவ. திரும்பி வரேக்க அக்கா ஒரு சொல்லும் கதைக்கேல்லை. வாயில பஞ்சு, அதால கதைக்க ஏலாது எண்டு நினைச்சுக்கொண்டு வந்தன்.

பஞ்சு எடுத்து இண்டைக்கு இருபது நாள். இன்னும் கதைக்கேல்லை.

கதைக்காட்டிப் போகட்டும். சோறு சாப்பிடுறா எண்டு கேள்விப்பட்டன், எனக்கு அது போதும். உங்களுக்கு ஒரு சத்தியம் செய்யிறன். இந்தத் தீவில ஆரின்ர கன்னம் வீங்கினாலும் கூப்பிடாமலே போய் நிப்பன். என்ர மனுசன் பல்லுக்கொதியில செத்தவர், ஒத்தடம் வைச்சது நான் எண்டு சொல்லிக் கையில பிடிச்சு பஸ் ஏத்துவன். சிரிக்கிற ஆக்கள் சிரிக்கட்டும்.

உங்கட மனுசி,
உங்கட அக்கா கதைக்காத மச்சாள்.