மஞ்சள் வால்

மார்ச் 3, செவ்வாய்

தொட்டியைக் கழுவினேன். பவளப்பாறையில் பிடித்துவந்த என் டாம்சல் மீன் நன்றாகத் தின்கிறது. உடம்பு நீலம், வால் மஞ்சள். எந்த நூலிலும் இல்லாத சேர்க்கை. பேராசிரியர் இதைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, "புது இனம்தான், சந்தேகமே வேண்டாம். அனுப்பிடு" என்றார். ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். மீனுக்குத் தம்பியின் பெயரை வைத்திருக்கிறேன். அதை முதலில் பார்த்தவன் அவன்தானே. போன வருடம் அதே பவளப்பாறையில் முக்குளிக்கப் போனவன் மேலே வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "அவன் பேரு அச்சுல வருமா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 9, திங்கள்

வால் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது. விளக்கு பழசு. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

விளக்கு மாற்றியாயிற்று. தண்ணீரைச் சோதித்தேன், தீனியையும் மாற்றிப் பார்த்தேன். மஞ்சள் இன்னும் குறைகிறது, முதுகில் சாம்பல் ஏறுகிறது. ஆனால் நன்றாக வளர்கிறது. நோயாக இருக்கக்கூடாதா? வளர்த்த மீனுக்கு நோய் வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என்ன பிழைப்பு இது.

மார்ச் 18, புதன்

பக்கத்துத் தொட்டியில் கடல் சாமந்திக்குள் ஒளிந்திருந்த கோமாளி மீன்களைக் காட்டி வகுப்பு எடுத்தேன். "பட்டையை எண்ணி இனம் சொல்லிடாதீங்க. இந்த வகையில குட்டிக்கு ரெண்டு மூணு பட்டை இருக்கும். வளந்தா ஒண்ணுதான் மிஞ்சும்." சொல்லும்போதே என் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

ஊருக்கு உபதேசம் செய்யத் தெரிகிறது, எனக்கு எங்கே போச்சு புத்தி? நான் பிடித்ததெல்லாம் சின்னது. பெரியதை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. உருவமே இவ்வளவுதான் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பவளப்பாறையில் அலை உடையும் மேட்டுப் பக்கம் படகு நிற்காது என்று நாங்கள் யாரும் அங்கே இறங்கியதே இல்லை. இன்று கடல் அடங்கியிருந்தது, இறங்கினேன். மேடு முழுக்கச் சாம்பல் டாம்சல். எல்லாருக்கும் தெரிந்த, ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத மீன். சிலதுக்கு வால் நுனியில் துளி மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

குட்டிகள் கீழே அமைதியான ஆழத்தில். வளர்ந்தவை மேலே அலைக்குள். அவ்வளவுதான் விஷயம். முக்குளிப்புக் கண்ணாடிக்குள் அழுதால் துடைக்கக்கூட வழியில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

இப்போதே மீனை எடுத்து, நிறமே தெரியாமல் வெளுக்கவைக்கும் ஃபார்மலினில் போட்டுவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? எடுத்த படங்களில் எல்லாம் நீலமும் மஞ்சளும்தான். இன்னொருத்தர் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகும். அதுவரைக்கும் அவன் பேரு இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?

வலையை எடுத்தேன். தீனி போட வந்திருக்கிறேன் என்று நினைத்து மேலே வந்தது, சனியன்.

வலையை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

முடியல. அவனும் போனான், இப்ப பேரும் போச்சு. எந்திரிக்கவே பிடிக்கல.

ஏப்ரல் 9, வியாழன்

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். பேராசிரியர் திட்டவில்லை. "நானும் பாத்திருக்கணும்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் சாப்பிடும்போது, "ஏதாவது தகவல் வந்துச்சா?" என்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வீட்டில் வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அப்பாவைத் தொட்டிக்கே கூட்டிப்போனேன். மீன் இப்போது முழுக்கச் சாம்பல்.

"இதுவா?"

"இதுதான்ப்பா. புது மீனெல்லாம் இல்ல. சாதா மீனோட குட்டி. வளந்ததும் கலர் போயிடுச்சு. தம்பி பேரு வராதுப்பா."

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அவன் பாத்தது குட்டியா?"

"ஆமாப்பா."

"இதாவது வளந்துச்சே" என்றார்.

தீனி டப்பாவை அவர் கையில் கொடுத்தேன்.