சிவப்புப் பொட்டு வைச்ச தேள்

ரெய்னர்ஸ் லேன்
14.02.1989

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கும் மகள் ஜெனிற்றாவுக்கும் சுகம்தானே? எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

எங்கடை ஆய்வுகூடத்திலை தேள் விஷத்தைக் கூறு கூறாய்ப் பிரிச்சு, எந்தப் புரதம் என்ன செய்யுதெண்டு பாக்கிறம். போன கிழமை புதுசாய் ஒரு நஞ்சு பிடிபட்டுது. துளி பட்டாலே எலிக்கு மூச்சு நிண்டிடும். மாற்று மருந்து இன்னும் இல்லை. அந்தத் தேளை அடையாளம் பிடிக்க, முதுகிலை சிவப்பு நெயில் பொலிஷாலை நான்தான் பொட்டு வைச்சன்.

பயப்படாதேங்கோ, இண்டைக்கு எண்ணிப் பாத்தால் அது இல்லை. எல்லா இடமும் தேடிப்போட்டம். தீனில்லாமல் மாதக்கணக்காய்க் கிடக்குமாம்.

ஒரு சின்ன உதவி. சனிக்கிழமை பிளேன் ஏறின கலாவதி அக்காவிட்டை ஒரு பெட்டி குடுத்துவிட்டனான். நல்ல கெட்டிப் பெட்டியெண்டு ஆய்வுகூடத்திலை எடுத்து, வெள்ளிக்கிழமை அங்கையே வைச்சுக் கட்டினன். அதை நீங்களே வீட்டுக்கு வெளியிலை, முத்தத்திலை வைச்சுத் திறவுங்கோ. ஒவ்வொண்டாய்த் தடியாலை தூக்கி உதறுங்கோ. மன்னாருக்குப் போன் லைன் கிடைக்கேல்லை. தந்தியும் குடுத்தனான், வந்து சேருமோ தெரியாது.

ஜெனிற்றாவின்ரை குரலைக் கசற்றிலை பதிஞ்சு கெதியாய் அனுப்புங்கோ. தபால் எடுக்க ஆள் வாற நேரம், நிப்பாட்டிறன்.

உங்கள் அன்பு மனைவி
மெற்றில்டா

பி.கு: பெட்டிக்குள்ளை அவளின்ரை பிறந்தநாள் சப்பாத்து இருக்கு. கண்ட உடனை காலிலை போடச் சொல்லி, நான்தான் மேலை எழுதி ஒட்டினனான்.